மீன் தொட்டி ஸ்டாண்ட்: இரும்பா, மரச் சட்டமா, பிளைவுட் பெட்டியா?

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பாருங்கள். தொட்டிக்குப் பேரம் நடக்கும், பில்டருக்கு நடக்கும், பத்து ரூபாய் கப்பி மீனுக்குக்கூட நடக்கும். ஸ்டாண்ட் என்று கடைக்காரர் வாயெடுத்ததும் மட்டும், "வீட்ல பழைய டிவி ஸ்டாண்ட் இருக்குங்க, அதுலயே வெச்சுக்கறோம்" என்று பேச்சு முடிந்துவிடும். நானும் அப்படிச் சொல்லிவிட்டு வந்தவன்தான். 2 அடித் தொட்டி. நாலாவது மாதம் டிவி ஸ்டாண்டின் கீழ்த் தட்டுக் கதவு திறக்க மறுத்தது. ஈரத்தில் கதவு உப்பிவிட்டது என்று நினைத்து, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் கவனித்தேன், உப்பியது கதவு இல்லை. மேல் பலகை தொய்ந்து கதவை அழுத்திக்கொண்டிருந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு அது. ஓரத்தில் தண்ணீர் இறங்கிய இடத்தில் ஊறிய ரஸ்க் மாதிரி விரலோடு வந்தது.

அதற்கப்புறம் சொந்தக் கையால் இரண்டு ஸ்டாண்ட் செய்தேன். ஒன்று மரச் சட்டம், இன்னொன்று பிளைவுட் பெட்டி. இரண்டுக்கும் நடுவில், இரும்புக் கடைக்கே போயிருக்கலாமோ என்று பலமுறை தோன்றியது. தச்சு வேலை தெரியாதவர், முதன்முதலாக ஒரு ஸ்டாண்ட் வேண்டும் என்று நினைப்பவர், இந்த மூன்றில் எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் எடையைப் பார்த்துவிடலாம்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு கன அடியில் 28.3 லிட்டர் பிடிக்கும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியில் 56 லிட்டர். கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்த்தால் 80 கிலோவைத் தொடும். பழைய டப்பா டிவிகூட இதில் பாதி இருக்காது.

3 அடிக்கு 1½ அடிக்கு 1½ அடித் தொட்டி என்றால் கணக்கு வேறு இடத்துக்குப் போய்விடும். விளிம்புவரை நிரப்பினால் 191 லிட்டர். 10 மி.மீ. கண்ணாடியில் செய்த தொட்டி மட்டுமே 40 கிலோவுக்கு மேல். மணலும் கல்லும் 20, 25 கிலோ. ஆக 250 கிலோ. நாலு பெரியவர்கள் ஏறி உட்கார்ந்து, வருடக்கணக்கில் இறங்காமல் இருப்பதற்குச் சமம். நீளம் ஒன்றரை மடங்குதான் கூடியது, எடையோ மூன்று மடங்கு. இந்தக் கட்டுரையில் இனி நான் பேசுவதெல்லாம் இந்த 3 அடித் தொட்டியை வைத்துத்தான், ஏனென்றால் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இவ்வளவு எடையை மரம் தாங்குமா என்று பயப்படத் தேவையில்லை. 3 அங்குலத்துக்கு 1½ அங்குலம் உள்ள சாதாரண பைன் கட்டை ஒன்றை 2 அடி உயரத்துக்குச் செங்குத்தாக நிறுத்தினால், அது ஒன்று மட்டுமே ஒரு டன்னுக்குக் குறையாமல் தாங்கும். மேலிருந்து கீழே வரும் எடையால் ஸ்டாண்ட் விழுவது அபூர்வம். விழுவது இரண்டு காரணத்தால். ஒன்று, எடை மரத்தின் மேல் உட்காராமல் ஸ்க்ரூவில் தொங்குவது. இன்னொன்று, பக்கவாட்டு ஆட்டம். ஒரு குழந்தை சாய்ந்து நின்றாலோ, தொட்டியைத் துடைக்கும்போது நாமே தள்ளினாலோ, நாலு காலும் ஒரே பக்கம் சாயப் பார்க்கும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த இரண்டையும் அது எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தால் போதும், பாதி முடிவு தானாகக் கிடைத்துவிடும்.

இரும்பு

இதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எந்த ஊரிலும் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கும். அளவைக் கொடுத்தால் சதுரக் குழாயிலோ எல் ஆங்கிளிலோ ஒரே நாளில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். வெல்டிங் மூட்டு ஆடாது. மரத்தைவிட இடம் குறைவாக அடைக்கும். 4 அடிக்கு மேல் தொட்டி என்றால், முதல் முறை செய்பவர் மரத்தை நினைக்கவே வேண்டாம், நேராக அங்கே போய்விடுவது நல்லது.

குறை என்ன? பற்று வைத்த இடத்தில் கசடைத் தட்டிச் சுத்தம் செய்யாமல் பெயின்ட் அடித்துவிடுவார்கள், துரு அங்கிருந்துதான் கிளம்பும். குழாயின் வாய் நேராகத் தரையில் நின்றால் டைல்ஸ் தெறிக்கும், அதனால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு தகடு வைத்துப் பற்றவைக்கச் சொல்ல வேண்டும். அப்புறம், பில்டர், பம்ப், ஒயர், தீவன டப்பா, வலை என்று எல்லாம் கூடத்தில் வருகிறவர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். கதவு போட்ட அலமாரி மாதிரி வேண்டும், நம் கையால் ஒன்று செய்து பார்க்கவும் வேண்டும் என்ற ஆசை இருந்தால்தான் மேலே படியுங்கள்.

மரச் சட்டம்: நான் தப்புப் பண்ணிய இடம்

இணையத்தில் தேடினால் முதலில் வருவது இதுதான். மேலே ஒரு செவ்வகச் சட்டம், கீழே ஒன்று, நடுவில் நாலு கால். பார்க்க அத்தனை சுலபம். மரவாடிக்குப் போய் 3க்கு 1½ அங்குலச் சட்டம் கேட்டேன். அங்கே விற்பது கன அடிக் கணக்கில். இந்த அளவுச் சட்டம் ஒரு கன அடிக்கு 32 அடி நீளம் வரும். 3 அடி ஸ்டாண்டுக்கு 36 அடி தேவை, கழிவோடு சேர்த்து ஒன்றேகால் கன அடி என்று வாங்கிக்கொண்டால் சரி.

வாங்குவதற்கு முன் ஒவ்வொரு சட்டத்தையும் ஒரு முனையில் கண்ணை வைத்து, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல நீளவாக்கில் பார்க்க வேண்டும். வளைவும் முறுக்கும் அப்போதுதான் தெரியும். நான் பார்க்கவில்லை. இரண்டு சட்டம் லேசாக முறுக்கியிருந்தது. லேசாகத்தானே என்று விட்டேன். சேர்த்து முடித்தபோது ஸ்டாண்ட் மூன்று காலில் நின்றது, நாலாவது கால் தரைக்கு மேல் 8 மி.மீ. அந்தரத்தில்.

சட்டத்தைப் படுக்கவைக்காமல் நட்டுவைக்க வேண்டும் என்பதை மட்டும் சரியாகச் செய்தேன். அதே 3க்கு 1½ சட்டத்தை, 3 அங்குலம் உயரமாக வரும்படி வைத்தால், படுக்கவைத்ததைவிட நாலு மடங்கு விறைப்பு. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் அண்ணாந்து பாருங்கள், மேல்தளத்தைத் தாங்கும் தேக்குக் கட்டைகள் எல்லாம் இப்படி நட்டுவைத்தவைதான்.

சட்டமும் காலும் சேரும் இடத்தில்தான் அடுத்த தப்பு. மேல் சட்டத்தைக் காலின் பக்கவாட்டில் ஒட்டவைத்து, ஒவ்வொரு மூலையிலும் நாலு ஸ்க்ரூ முறுக்கினேன். பெருமையாகத்தான் இருந்தது. தெருமுனை வீட்டில் கதவு வேலை செய்துகொண்டிருந்த ஆசாரி ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, இப்ப எடை எங்க நிக்குது?" என்றார். சட்டத்தில் என்றேன். "சட்டம் எங்க நிக்குது?" காலில் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். சட்டம் நின்றது 16 ஸ்க்ரூவில். "ஸ்க்ரூ மரத்தைப் பிடிச்சுக்கத்தான். சுமக்க இல்ல. சுமக்கறது மரமா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அதிலும் நான் போட்டிருந்தது கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூ. சுவருக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் போர்டு அடிப்பதற்கானது. கடினமாக இருக்கும், ஆனால் வளையாது. பக்கவாட்டில் பாரம் ஏறினால் சட்டென்று முறியும். மரத்துக்கான ஸ்க்ரூ தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அது முறிவதற்கு முன் வளையும், நமக்கு ஒரு எச்சரிக்கையாவது கிடைக்கும்.

அவர் சொன்னதற்குத் தீர்வு சுலபம்தான். ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கட்டை. ஒன்று, கீழ்ச் சட்டத்தின் மேல் நின்று மேல் சட்டத்தைத் தலையில் தாங்கும் கால். எடை முழுக்க இதன் வழியாகத்தான் இறங்கும். இன்னொன்று உள்பக்கம், மேலிருந்து கீழ்வரை ஓடி எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும் கட்டை. ஸ்க்ரூவெல்லாம் அதில்தான். தேர்ந்த தச்சர் துளை போட்டு, அதில் கழுந்தை (துளைக்குள் இறங்கும்படி செதுக்கிய முனை) இறக்கி இதே வேலையை ஒரே கட்டையில் முடித்துவிடுவார். நமக்கு இரண்டு கட்டை.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. தாங்கும் கால் நாலும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒரே உயரம் இருக்க வேண்டும், முனைகள் மூலைமட்டத்துக்குச் சதுரமாக வெட்டியிருக்க வேண்டும். கைவாளால் முதன்முதலாக வெட்டுகிறவருக்கு இது வராது. எனக்கு வரவில்லை. அறுப்பு மில்லில் நாலையும் ஒன்றாக அடுக்கி ஒரே வெட்டாக வெட்டச் சொல்லி வாங்கிவந்தேன்.

இத்தனைக்குப் பிறகும் ஸ்டாண்ட் ஆடியது. மேலே கை வைத்து நீளவாக்கில் தள்ளினால் கயிற்றுக் கட்டில் மாதிரி ஒரு முனகல். ஸ்க்ரூவை இறுக்கினேன், இன்னும் நாலு சேர்த்தேன், குறையவில்லை. கடைசியில், மீதமிருந்த 9 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றைப் பின்பக்கம் முழுக்க மூடும்படி பசை தடவி அடித்தேன். அதோடு ஆட்டம் நின்றது. சட்டம் சாய வேண்டுமென்றால் அந்தப் பலகையும் சேர்ந்து சாய்சதுரமாகக் கோண வேண்டும், பலகை அதற்குச் சம்மதிக்காது.

எந்த மரம்?

தேக்கு நல்லதுதான், ஆனால் முதல் ஸ்டாண்டுக்குத் தேக்கு வாங்குவது சைக்கிள் பழக கார் வாங்குவது மாதிரி. பைன் லேசானது, ஆணிக்கும் ஸ்க்ரூவுக்கும் இணங்கும், விலை குறைவு. கரையானுக்கு மட்டும் பிடித்த மரம், அதனால் மருந்தடித்து, மேலே பாலிஷோ பெயின்ட்டோ பூசாமல் விடக்கூடாது. வேம்பைக் கரையான் அவ்வளவாகத் தொடாது, ஆனால் பச்சையாக வாங்கினால் காயும்போது முறுக்கிக்கொள்ளும். வேங்கை உறுதி, ஆனால் ஸ்க்ரூ இறங்க அழவைக்கும். ஈரம் பட்டால் சாயமும் இறங்கும். வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றிவைத்தால் நிறம் மாறுமே, அதே சாயம் உங்கள் வெள்ளை டைல்ஸிலும் இறங்கும். இடித்த வீட்டுப் பழைய மரம் நன்றாகக் காய்ந்திருக்கும், வளையாது. ஆனால் உள்ளே புதைந்த ஆணி ஒன்று உங்கள் வாளின் பல்லைத் தின்றுவிட்டுத்தான் தலைகாட்டும்.

எதுவானாலும், அறுத்து வெட்டிய காலின் அடிமுனை ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சும். மாப் போடும் வீட்டில் தினமும் அந்த இடம் நனையும். அடியில் ரப்பர் புஷ்ஷோ ஒரு துண்டு கிரானைட்டோ வைத்து, முனையில் இரண்டு மூன்று முறை வார்னிஷ் குடிக்கவிடுங்கள்.

பிளைவுட் பெட்டி

அடுத்த ஸ்டாண்ட் மச்சான் வீட்டுக்கு. மரச் சட்டத்தில் பட்டதெல்லாம் நினைவிருந்ததால், கால் என்ற பேச்சே இல்லாமல் பெட்டியாகச் செய்தோம். 18 மி.மீ. பிளைவுட், 8க்கு 4 அடி ஷீட் ஒன்று.

ஒரே ஷீட்டில் அடங்குமா என்று தரையில் சாக்பீஸால் வரைந்து பார்த்தோம். ஷீட்டை நீளவாக்கில் 1½ அடி, 2½ அடி என்று இரண்டாக அறுக்க வேண்டும். 1½ அடிப் பட்டையில் மேல் பலகை 3 அடி, கீழ்ப் பலகை 3 அடி. 2½ அடிப் பட்டையில் பின்பலகை ஒன்று, பக்கப் பலகை இரண்டு, நடுத் தடுப்பு ஒன்று. பின்பலகை மட்டும், பக்கப் பலகைகளுக்கு நடுவே உட்காரும்படி 3 அடிக்கு 36 மி.மீ. குறைவாக. தடுப்பின் அகலத்திலும் பின்பலகையின் தடிமன் 18 மி.மீ. கழிய வேண்டும். மிச்சம் வரும் துண்டில் முன்பக்கப் பட்டைகள். கதவுக்கு மட்டும் வேறு பலகை. ஒரு சின்ன விஷயம்: வாளின் பிளேடு ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மி.மீ. மரத்தைத் தின்னும். அந்த 3 மி.மீ. உயரத்தில் குறையட்டும். மேல் பலகையில் குறைந்தால் தொட்டியின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

பிளைவுட்டை எடுத்ததற்கு முக்கியக் காரணம் வேறு. பேனல் வாள் வைத்திருக்கும் பிளைவுட் கடைகளில் அளவைக் கொடுத்தால் அவர்களே வெட்டித் தருவார்கள். மிஷின் வெட்டு, ஓரம் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். எனக்கு வராத அந்த ஒரு வேலை கடையிலேயே முடிந்துவிட்டது. வீட்டில் மிச்சம் இருந்தது, பசை தடவுவது, டிரில் போட்டு ஸ்க்ரூ முறுக்குவது. பக்கவாட்டு ஆட்டத்தைப் பற்றிக் கவலையே இல்லை, பின்பலகை இருக்கிறது, நடுத் தடுப்பும் இருக்கிறது.

எடை எங்கே நிற்கிறது என்ற ஆசாரியின் கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். மேல் பலகையைப் பக்கப் பலகைகளுக்கு நடுவே நுழைத்து ஸ்க்ரூ அடிப்பவர்கள் உண்டு, பக்கவாட்டில் கோடு தெரியாது, பார்க்க அழகாக இருக்கும். அழகுதான், ஆனால் 250 கிலோவும் திரும்ப ஸ்க்ரூவுக்குப் போய்விடும். மேல் பலகை பக்கங்களின், தடுப்பின், பின்பலகையின் தலையில் உட்கார வேண்டும். அவை கீழ்ப் பலகையின் மேல் நிற்க வேண்டும். ரப்பர் புஷ் வைப்பதும் அந்தப் பலகைகளுக்கு நேர் கீழேதான்.

நடுத் தடுப்பு வேண்டுமா, இடத்தை அடைக்குமே என்று மச்சான் கேட்டார். 18 மி.மீ. பலகை 3 அடி இடைவெளியைத் தனியாகத் தாண்ட வேண்டும் என்றால், இந்த எடைக்கு ஒன்றரை செ.மீ.க்கு மேல் தொய்யப் பார்க்கும். கண்ணாடியும் சிலிக்கானும் அதைப் பொறுக்காது. நடுவில் ஒரு தாங்கல் வந்து இடைவெளி பாதியானால், தொய்வு பாதியாகாது. பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். "சரி, வைங்க" என்றார். முன்பக்கம் பின்பலகை மாதிரித் தாங்கல் கிடையாது, அதனால் மேல் பலகைக்கு அடியில் 3 அங்குலப் பட்டையை நட்டுவைத்து ஒட்டினோம். அந்தப் பட்டையும் அந்தரத்தில் தொங்காமல் இருக்க, இரு முனைக்கும் அடியில் மெல்லிய துண்டுகளைக் கீழ்ப் பலகைவரை நிறுத்தினோம்.

பிளைவுட்டில் ஏமாறுவது கிரேடில்தான். எம்.ஆர். என்று முத்திரை இருந்தால் காற்றின் ஈரத்தைத் தாங்கும் என்று அர்த்தம், தண்ணீரை இல்லை. அதற்கு மேல் பி.டபிள்யூ.ஆர்., அதாவது கொதிநீரைத் தாங்கும் ரகம், அதற்கும் மேல் ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட். மீன் தொட்டிக்குக் கடைசியதைத்தான் சொல்வேன். பசையிலும் அப்படியே, சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும், பெவிக்கால் மரைன் மாதிரி தண்ணீர் தாங்கும் பசை வேண்டும். அதெல்லாம் சரியாக இருந்தாலும் வெட்டிய ஓரம் திறந்தே இருந்தால் அடுக்குகளுக்கு நடுவே ஈரம் ஏறும். மைக்கா ஒட்டுகிறவர்கள் மேலே மட்டும் ஒட்டிவிட்டு ஓரத்தை மறந்துவிடுவார்கள். வெளியே தெரியாத அடிப்பக்க ஓரத்துக்கும் சேர்த்து நாங்கள் பாலியூரிதேன் பூசினோம், மூன்று கை.

ஷீட்டின் ஓரத்தில் ஸ்க்ரூ போடும்போது முதலில் மெல்லிய பிட்டால் துளை போடாவிட்டால் அடுக்கு பிளந்துகொள்ளும். ஒன்று எங்களுக்கும் பிளந்தது. பசை விட்டு கிளாம்ப் போட்டு ஒரு இரவு விட்டோம்.

அப்போ எது?

2 அடியானாலும் 3 அடியானாலும், கையில் டிரில் ஒன்றைத் தவிர வேறு கருவி இல்லாதவருக்குப் பிளைவுட் பெட்டி. மரைன் ஷீட் விலை கொஞ்சம் கடிக்கும், ஷீட் முப்பது கிலோவுக்கு மேல் எடை, மாடிக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டும். இருந்தாலும் புதியவரின் பிழையை மன்னிக்கும் வடிவம் இதுதான்.

மரச் சட்டம் மன்னிக்காது. ஆனால் தொட்டி என்றைக்காவது ஒழுகினால் ஈரம் காய்ந்து பிழைத்துக்கொள்வதும் அதுதான், ஒரு கட்டை கெட்டால் அந்தக் கட்டையை மட்டும் மாற்றலாம். பக்கத்தில் அறுப்பு மில் இருந்து, நேரான காய்ந்த மரமும் கிடைக்கிறது, இரண்டு வாரக் கடைசிகள் செலவழிக்கவும் தயார் என்றால் அதையே செய்யுங்கள், பின்பக்கம் பிளைவுட் அடிப்பதை முதலிலேயே திட்டத்தில் சேர்த்துக்கொண்டு.

ஒன்று மட்டும் இரண்டுக்கும் பொது. நம் வீட்டுத் தரை மட்டமாக இருக்காது. கழுவிவிட்டால் தண்ணீர் வாசல் பக்கமோ, பாத்ரூம் பக்கமோ ஓடட்டும் என்று மேஸ்திரி சரிவு வைத்திருப்பார். மச்சான் வீட்டில் 3 அடிக்கு 6 மி.மீ. சரிவு. காலியான ஸ்டாண்டை வைத்து, ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கத்துப் புஷ்ஷுக்கு அடியில் மைக்காத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகினோம். தொட்டிக்கு அடியில் 12 மி.மீ. தெர்மோகோல், அதன் மேல் தொட்டி, கால்வாசி தண்ணீர். நீர்மட்டத்துக்கும் விளிம்புக்கும் இடையே நாலு மூலையிலும் ஸ்கேல் வைத்து அளந்தபோது ஒரு மூலையில் 2 மி.மீ. வித்தியாசம். தண்ணீரைக் குழாய் போட்டு இறக்கிவிட்டு, இன்னொரு துண்டு மைக்கா. மீதித் தண்ணீரை மறுநாள் காலையில்தான் ஊற்றினோம். மீன் வாங்க அதற்கடுத்த மாதம்தான் போனோம். அதுவரை அக்கா மகள் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், வெறும் தண்ணீரை ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.